மூணாவது கேள்வி

ஜூன் 11

அன்புத் தங்கச்சிக்கு,

உன் அண்ணன் இன்னும் உயிரோடதான் இருக்கேன்னு முதல்ல தெரிவிச்சுக்கறேன். நீ எப்படி இருக்கே, உன் முட்டி எப்படி இருக்கு, உங்க வீட்டுப் பூனை 'திருட்டு ராணி' எப்படி இருக்கு, பக்கத்து வீட்டு 'ரேடியோ' இன்னும் நிறுத்தாம ஓடுதா? எல்லாத்துக்கும் பதில் எழுது. போன்ல உன்னைப் பேச விடறதில்லைன்னு குத்தம் சொன்னியே, அதான் பேனாவ எடுத்தேன். எட்டாங்கிளாஸ் தமிழ். பத்தாவது பாஸ் பண்ணின திமிர்ல சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பாதே.

எனக்கு வேலை கிடைச்சிருக்கு. சிரிக்காதே. பஸ்ல முப்பத்தஞ்சு வருஷம் கண்டக்டரா நின்ன காலு, எட்டு வருஷமா மகன் வீட்டு சோபாவுல மடங்கிக் கிடக்குது. மருமக வீடு பெருக்கும்போது என்னையும் மெத்தையோட சேத்துத் தட்டிப் போடறா. இன்னும் ஒரு வருஷம் இப்படி உக்காந்தேன்னா என் மேல துணி காயப் போட்டுடுவாங்க.

உடம்பு முடியாத பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம். காலையில சக்கர நாற்காலிய சரிவுப் பலகையில வேனுக்குள்ள ஏத்தி, தரையில நாலு கொக்கி மாட்டி, பெல்ட் போடணும். மத்தியானம் சாப்பாடு ஊட்டணும். எங்களுக்குப் பயிற்சி குடுக்கறதுக்குன்னே ஒரு டீச்சர் இருக்காங்க. நிமிஷத்துக்கு ஒரு தடவை "நிறுத்துங்க, மறுபடி"ன்னு சொல்றதால அவங்களுக்கு 'விசில்'னு பேர் வெச்சிருக்கேன். டிரைவர் பேர் 'பிரேக்'. ஆயா பேர் 'புயல்'. வந்து நாலு நாள்ல இதெல்லாம் முடிச்சுட்டேன்.

ஒரு கூத்து கேளு. இந்த மாசம் பயிற்சி, ஜூலையிலேர்ந்து மூணு மாசம் சோதனை. மாசக் கடைசியில ஒரு தாள்ல மூணு கேள்வி. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் இவர் காத்திருக்கிறாரா? வலிக்காம தூக்கறாரா? இவரோட இருக்க எனக்குப் பிடிச்சிருக்கா? பதில் சொல்றது மேனேஜர் இல்லே, நான் பாத்துக்கற பிள்ளை. மூணாவது மாசத்துக்குள்ள மூணுக்கும் ஆமாம் வரலேன்னா எனக்குத் திரும்ப சோபா.

எனக்கு விட்டிருக்கிறது பதினாலு வயசுப் பொண்ணு. பாவம், கைகால் சொன்னபடி கேக்காது, வாயும் பேசாது. அது என்னத்த மார்க் போடப் போவுது? பாஸ்னு இப்பவே எழுதி வெச்சுக்க.

இப்படிக்கு,
சோபாவிலேர்ந்து எழுந்த உன் அண்ணன்


ஜூன் 24

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது. நீ நலம் என்று உன் வாயாடித்தனமே சொல்கிறது. இங்கே நாங்கள் இருவரும் நலம்.

என் மகனைக் குளிக்க வைத்து, துடைத்து, சன்னலோரம் அவன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எழுதுகிறேன். முப்பத்தொரு வயது உடம்பு. தூக்கும்போது என் முட்டி ஒரு சத்தம் போடுகிறது. அவன் அதைக் கேட்டுக் கண்ணைச் சுருக்குகிறான். திருட்டு ராணி நேற்றும் பாலைக் குடித்துவிட்டது. ரேடியோவுக்குத் தொண்டை கட்டியிருப்பதால் தெரு அமைதியாக இருக்கிறது.

உன் வேலையைப் பற்றி இன்னும் எழுது. தூக்கும்போது எப்படி நிற்கச் சொல்கிறார்கள்? ஊட்டும்போது இருமல் வந்தால் என்ன செய்யச் சொல்கிறார்கள்? எல்லாவற்றையும் எழுது. ஒன்றையும் விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் தங்கை


ஜூலை 6

அன்புத் தங்கச்சிக்கு,

நலமா இருக்கேன், முதுகைத் தவிர. உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடு. ரேடியோவுக்குத் தொண்டை சரியாக வேண்டாம்னு வேண்டிக்கறேன்.

நீ கேட்டது: தூக்கும்போது காலை அகட்டி நிக்கணும், முதுகு வளையக் கூடாது, தொடையில பலம் குடுக்கணும். தூக்கறதுக்கு முன்னாடி "தூக்கப் போறேன்"னு சொல்லி, அவங்க சரின்னு காட்டின பிறகுதான் கை வெக்கணும். இல்லேன்னா மூட்டை தூக்கற மாதிரியாம். ஊட்டும்போது கரண்டி கீழேர்ந்து வரணும், தலை நிமிரக் கூடாது, தொண்டையில முழுங்கினத கண்ணால பாத்துட்டுத்தான் அடுத்த வாய். இருமல் வந்தா முதுகுல தட்டாம, முன்பக்கமா லேசா சாய்ச்சுப் பிடிச்சு, அவங்களே இருமி முடிக்க விடணும். மூச்சே வரலேன்னா உடனே நர்சைக் கூப்பிடணும்.

இப்ப ஒரு அதிசயம் சொல்றேன். அந்தப் பொண்ணு பேசுது. கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பலகை. கீழே பதினெட்டு மெய்யெழுத்து, மேலே பன்னெண்டு உயிரெழுத்து. நான் இந்தப் பக்கம் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அது எதிர்ப்பக்கம் உக்காந்து ஒரு எழுத்தைப் பாக்கும். கண்ணு எங்க நிக்குதுன்னு பலகை வழியா எனக்குத் தெரியும். முதல்ல 'ம்', அப்புறம் 'ஆ'. 'மா'வான்னு நான் கேப்பேன். ஆமான்னா கண்ணு கூரைக்குப் போகும். இல்லேன்னா மூடிக்கும். இப்படியே ஒவ்வொரு எழுத்தா ஒரு முழு வாக்கியம்.

யோசிச்சுப் பாரு. நாம வாயைத் தொறந்ததும் கொட்டிடறோம், பாதி குப்பை. அது முழுசா மனசுக்குள்ள கட்டி வெச்சு, ஒரு செங்கல் ஒரு செங்கலா வெளிய குடுக்குது. நடுவுல வேன் ஆடும், புயல் கத்தும், பிரேக் பிரேக் போடுவான். எதுக்கும் கட்டினது கலையல. எனக்கு முதல் நாள் மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்த வாக்கியம் என்ன தெரியுமா? "பலகையைத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க."

நானும் "சரிடா கண்ணு, சரிடா தங்கம்"னு தலையைத் தடவிட்டு நேராப் பிடிச்சேன்.

இப்படிக்கு,
நேராப் பிடிக்கக் கத்துக்கிட்ட அண்ணன்


ஆகஸ்ட் 2

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்பு நல்லா இருக்கு, மானம்தான் கொஞ்சம் சுகமில்லை. பூனைக்கும் ரேடியோவுக்கும் என் விசாரிப்பு.

முதல் மாசம் ரிசல்ட் வந்துச்சு. வலிக்காம தூக்கறாரா? ஆமாம். மத்த ரெண்டுக்கும் இல்லை.

முதல் கேள்வியில ஏன் போச்சுன்னு எனக்கே தெரியும். கண்டக்டர் புத்தி. ஆள் படியில காலை வெக்கும்போதே எங்க இறங்குவான்னு சொல்லிடுவேன் இல்லே? அதே மாதிரி இதுகிட்டயும் முந்திக்கிட்டேன். 'த' வரும், அடுத்தது 'ண்' வரும். "ஓ, தண்ணியா"ன்னு ஓடிப் போய் கொண்டாந்து குடிக்க வெப்பேன். ஒரு வாரமா தினம் இதே கதை. தினம் 'த', 'ண்', தினம் தண்ணி. அதுவும் பாவம், குடிச்சுட்டு கண்ணை மூடிக்கும்.

விசில் ஒரு நாள் பக்கத்துல நின்னு பாத்துட்டு, "பெரியவரே, வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டு பலகையைப் பிடிங்க"ன்னாங்க. பிடிச்சேன். 'த', 'ண்', 'ட', 'ம்'.

தண்டம். ஒரு வாரமா என்னைத் தண்டம்னு சொல்ல முயற்சி பண்ணிட்டு இருந்திருக்கு. நான் அதுக்கு வயிறு முட்ட தண்ணி குடுத்துட்டு இருந்திருக்கேன்.

புயல் சிரிச்சு சிரிச்சு சுவரைப் பிடிச்சுக்கிட்டா. எனக்கு மட்டும் சிரிக்கத் தோணல. பாவம் குழந்தை, எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்னு கண்ணு கலங்கிப் போய், "மன்னிச்சுக்கடா தங்கம்"னேன். அது ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு.

மூணாவது கேள்விதான் புரியல. என்னைப் பிடிக்காத ஆளு உலகத்துல உண்டா? நீயே சொல்லு.

இப்படிக்கு,
தண்டம் அண்ணன்


ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் நலமாக இரு.

நீ எழுதியபடி காலை அகட்டி நின்று தூக்கிப் பார்த்தேன். முட்டி சத்தம் போடவில்லை. தூக்கப் போகிறேன் என்று அவனிடம் முதலில் சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உன் மூன்றாவது கேள்விக்கு எனக்கு ஒன்று தோன்றுகிறது. இப்போது வேண்டாம்.

உன் தங்கை


ஆகஸ்ட் 19

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், நலமா இரு. முட்டி சத்தம் நின்னது சந்தோஷம். தோணினத எழுதாம முழுங்கறது உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே வழக்கம், வயித்து வலி வரும்.

இங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம். பிள்ளைங்க போன பிறகு விசில் எங்களை வட்டமா உக்கார வெக்கும். இந்த வாரம் யார் என்ன தப்பு பண்ணினோம்னு நாமளே சொல்லணும். யாரும் திட்டமாட்டாங்க. அடுத்தது, யாருக்கு எங்க வலிக்குது. பஸ்ல முப்பத்தஞ்சு வருஷம் கம்பியைப் பிடிச்சுத் தொங்கினேன். முதுகு வலிக்குதான்னு ஒருத்தன் கேட்டதில்ல. இங்க கேட்டாங்க. "வலிச்சா என்ன பண்ணுவீங்க, கழட்டி மாத்துவீங்களா"ன்னேன். விசில் சிரிக்கல. திங்கக்கிழமைலேர்ந்து பெரிய நாற்காலிக்கு ரெண்டு ஆள்னு நோட்டுல எழுதிக்கிச்சு.

போன வாரம் புயல் அழுதா. அந்தக் குரலு, அந்த உடம்பு, அது அழும்னு யார் நினைச்சா? ஒரு பிள்ளைகிட்ட அவசரத்துல எரிஞ்சு விழுந்துட்டாளாம். விசில் ஒரு டம்ளர் தண்ணி குடுத்துட்டு, "அடுத்த தடவை அவசரம் வந்தா என்னைக் கூப்பிடுங்க, நான் வந்து பிடிச்சுக்கறேன்"னுது. அவ்வளவுதான். திங்கக்கிழமை புயல் பழையபடி அடிச்சுது.

கோயில்ல நிக்கற மாதிரி உக்காந்திருந்தேன், தங்கச்சி.

இப்படிக்கு,
முதுகு உள்ள அண்ணன்


ஆகஸ்ட் 31

அன்புத் தங்கச்சிக்கு,

நலம்னு எழுதறது வழக்கத்துக்காக. ரெண்டாவது மாசமும் போச்சு.

காத்திருக்கிறாரா? ஆமாம். வலிக்காம தூக்கறாரா? ஆமாம். பிடிச்சிருக்கா? கண்ணை இறுக்கி மூடிக்கிச்சு. விசில் காரணம் கேட்டுச்சு. பலகையை நான்தான் பிடிச்சேன். என் தீர்ப்பைக் கூவறதுக்கு நானே கோர்ட் டவாலி. ஒவ்வொரு எழுத்தா வந்தது: "அவரே கண்டுபிடிக்கட்டும்."

நான் என்ன குறை வெச்சேன்? கண்ணே மணியேன்னுதான் கூப்பிடறேன். ஒரு அதட்டல் கிடையாது. அது முன்னாடி சத்தமாச் சிரிச்சதுகூட இல்ல. புயலும் பிரேக்கும் என்கிட்ட நாள் பூரா வாங்கிக் கட்டிக்கறாங்க, அவங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கு. பூ மாதிரி பாத்துக்கற இதுக்குப் பிடிக்கல.

இன்னும் ஒரு மாசம். சோபாவுல என் பள்ளம் இன்னும் அப்படியே இருக்கு, நேத்து பாத்தேன். உனக்கு ஏதோ தோணுச்சுன்னியே. சீக்கிரம் எழுது.

அண்ணன்


செப்டம்பர் 10

தங்கச்சிக்கு,

நலமா? முட்டியா, கோவமா? பத்து நாளா தபால்காரனை வாசல்ல பாத்துப் பாத்து அவனே என்னைப் பாத்தா வேற தெருவுல போறான். ரெண்டு வரி எழுது.

அண்ணன்


செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணா,

நலம். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு முட்டியும் காரணமில்லை, கோபமும் இல்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்து மறுபடி படித்தேன். டீச்சருக்குப் பட்டப்பெயர் உண்டு. டிரைவருக்கு உண்டு. ஆயாவுக்கு உண்டு. நீ ஒருமுறைகூடப் பார்க்காத என் பக்கத்து வீட்டுக்காரிக்கு உண்டு. என் பூனைக்கு உண்டு. அந்தப் பெண்ணுக்கு மட்டும் இல்லை. அவள் 'பாவம்', 'கண்ணு', 'தங்கம்', 'அது'. உன்னைத் தண்டம் என்று ஒரு வாரம் பாடுபட்டுக் கிண்டல் செய்தாள். பதிலுக்கு நீ கண் கலங்கினாய். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது எனக்குப் புரிகிறது.

எனக்கு எப்படிப் புரிகிறது என்று கேட்பாய். என் வீட்டிலும் ஒருவன் அப்படித் திரும்பிக்கொள்வான். நீ வருகிறாய் என்றால் என் வீடு இரண்டு நாள் முன்பே சிரிக்கத் தொடங்கும். எல்லோரையும் ஒரு வழி பண்ணுவாய். அவன் நாற்காலி பக்கம் வந்ததும் உன் வாய் மூடிக்கொள்ளும். தலையில் கையை வைத்து, "நல்லாரு சாமி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாய். முப்பத்தொரு வருடம். நீ போன பிறகு அவன் சாப்பிட மாட்டான். ஏன் என்று எனக்குத் தெரிய பத்து வருடம் ஆயிற்று. தெரிந்த பிறகு உன்னிடம் சொல்ல இருபது வருடம்.

உன் கடிதங்களில் பூனையை விசாரிக்கிறாய்.

கோபமாக எழுதவில்லை, அண்ணா. உனக்கு அந்த வேலை நிலைக்க வேண்டும். அதனால் எழுதினேன்.

உன் தங்கை


செப்டம்பர் 25

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்ல. ஆனாலும் நீயும் அவனும் எப்படி இருக்கீங்க?

உன் கடிதத்தைப் படிச்சுட்டு நாலு நாள் ஒருத்தர்கிட்டயும் பேசல. பிரேக் பயந்து போய் நெத்தியைத் தொட்டுப் பாத்தான்.

அஞ்சாவது நாள். சாயங்காலம், வேன் பள்ளிக்கூட வாசல்ல நிக்குது. அந்தப் பொண்ணு ஏதோ சொல்ல ஆரம்பிச்சா. நாலு எழுத்து வந்திருக்கும். பலகைக்கு மேல தலையை நீட்டி, கண்டக்டர் குரல்லயே கேட்டேன்: "ஏம்மா ஆமை எக்ஸ்பிரஸ், வண்டி இன்னிக்கே ஊர் போய்ச் சேருமா, இல்லே நான் பாய் கொண்டாந்து விரிக்கவா?"

புயல் வாயில கையை வெச்சுக்கிட்டா. விசில் கீழ நின்னு பாத்துட்டு இருக்கு, கையில நோட்டு. போச்சு, இன்னியோட போச்சுன்னு நினைச்சேன்.

அவ என்னைப் பாத்தா. மொதல்ல கண்ணு பெருசாச்சு. அப்புறம் பலகையைப் பாத்தா. நான் தூக்கிப் பிடிச்சேன். பிரேக் வண்டியை அணைச்சுட்டான். பின்னால ரெண்டு வேன் ஹாரன் அடிக்குது, யாரும் அசையல. பதினஞ்சு எழுத்து, தங்கச்சி. முகத்துல ஒரு சிரிப்பு கிடையாது. ஒரு எழுத்து தப்பிப் போச்சு, கண்ணை மூடி, அந்த எழுத்தை மட்டும் மறுபடி குடுத்தா. நான் முந்தல. முந்தவும் முடியல, எங்க போகுதுன்னே தெரியல எனக்கு.

"டிக்கெட் எடுக்காதவன் இறங்கு."

முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல எத்தனையோ வாயாடிங்களைப் பாத்திருக்கேன். இப்படி ஒரு அடி வாங்கினதில்ல. கடைசி எழுத்தைக் குடுத்து முடிச்ச பிறகுதான் சிரிச்சா. உடம்பு பூரா உதறி, பெல்ட் இழுபட்டு, நாற்காலி கிறீச்சிட. அத்தனை நேரம் அந்தச் சிரிப்பை எங்க வெச்சிருந்தா? மலை ஒண்ணு எதிர்ல உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு. நான் மூணு மாசமா அது தலையைத் தடவிட்டு இருந்திருக்கேன்.

மூணு கேள்வித் தாள் மாசக் கடைசியில. ஆமாம் வந்தாலும் வராட்டியும் எழுதறேன்.

இன்னொண்ணு. எனக்கு விசில் இருக்கு, வெள்ளிக்கிழமை இருக்கு, ரெண்டாவது ஆள் இருக்கு. உனக்கு முப்பத்தொரு வருஷமா யாரு கூட்டம் போட்டா? எங்க வலிக்குதுன்னு யாரு கேட்டா? நான் கேக்கல. நீ எழுதினியே, "என் முட்டி"ன்னு. நான் வெந்நீர்னு எழுதினேன். உன்னை நினைச்சா எனக்குக் கை கூப்பத் தோணுது. கிண்டல் வரல, மன்னிச்சுக்க.

அண்ணன்


அக்டோபர் 1

(தங்கச்சி, இது உனக்கு இல்ல. அவன்கிட்ட சத்தமாப் படி. ஒரு வார்த்தை விடக் கூடாது.)

டேய் மாப்ளே,

உன் தாய்மாமன் எழுதறேன். நலமா? நலமாத்தான் இருப்பே, உனக்கென்ன. முப்பத்தொரு வருஷமா சன்னலோரம் கால் மேல கால் போடாத ஜமீன்தார் மாதிரி உக்காந்திருக்கே. எங்க தங்கச்சிக்கு ஒரு நாளாவது ஒரு டம்ளர் காபி போட்டுக் குடுத்திருக்கியாடா? தெருவுல போற வர்ற ஆளையெல்லாம் நோட்டம் விட்டுட்டு, பூனை பாலைக் குடிக்கும்போது வேடிக்கை பாத்துட்டு, ஒரு குரல் குடுக்கறதில்ல. பூனைகிட்ட பங்கு வாங்கறியோன்னு எனக்குச் சந்தேகம்.

நேத்து எனக்கு வேலை நிரந்தரம் ஆச்சு. மூணு கேள்விக்கும் ஆமாம். மூணாவதுக்கு ஆமாம் சொல்றதுக்கு முன்னாடி அந்த மகராசி அஞ்சு நிமிஷம் கூரையையும் பாக்காம, கண்ணையும் மூடாம, என்னை வேர்க்க விட்டா. அவகிட்ட உன்னைப் பத்திச் சொன்னேன். "முப்பத்தொரு வருஷமா அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசலே"ன்னு. அவ சொன்னத இங்க எழுத முடியாது, பெரியவங்க படிக்கிற கடிதம்.

உன்கிட்ட வந்தா என் வாய் ஏன் அடைச்சுக்கிச்சுன்னு எனக்கே தெரியலடா. நீ பதில் சொல்லமாட்டேன்னு நினைச்சேன். பதில் வராத இடத்துல பேச எனக்குப் பயம்.

பதில் இருந்தா சொல்லி அனுப்பு. நல்லதாத்தான் இருக்கணும்னு இல்ல.

உன் மாமன்


அக்டோபர் 13

அன்புள்ள அண்ணா,

நாங்கள் இருவரும் நலம். இந்த முறை அதை அவனிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். காபி வரி வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவன் சிரிக்கிறான். நாற்காலியிலிருந்து சரியும் அளவுக்குச் சிரிக்கிறான். காலை அகட்டி நின்று பிடித்துக்கொண்டேன். நிறுத்தட்டுமா என்றேன், கண்ணை மூடினான். முதலிலிருந்தா என்றேன், மேலே பார்த்தான். அன்று நான்கு முறை படித்தேன்.

ஆமாம் என்றால் மேலே பார்ப்பான், வேண்டாம் என்றால் மூடுவான். இது எனக்கு இருபது வருடமாகத் தெரியும், அண்ணா. பசிக்கிறதா, வலிக்கிறதா, தூக்கம் வருகிறதா. இந்த மூன்றைத்தான் கேட்டிருக்கிறேன். உன்னைக் குறை சொன்ன நான், நான்காவதாக ஒன்று கேட்டதில்லை.

நேற்று கேட்டேன். "மாமாவுக்குப் பதில் எழுதணுமா?" மேலே பார்த்தான். "நல்லதா எழுதவா?" மூடினான். "திட்டி எழுதவா?" மேலே பார்த்தான், கூரையைப் பிளந்துவிடுவதுபோல. சரி என்று எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வழுக்கை? மூடினான். வாயாடி? மூடினான். சோம்பேறி, கிழம், புளுகன்? எல்லாவற்றுக்கும் மூடினான். அரை மணி நேரம். என் சரக்கு தீர்ந்துவிட்டது. உன் கடிதத்தின் கடைசி வரிகள் கையில் இருந்தன. "என்னடா, கோழைன்னு எழுதவா?" என்று சும்மாதான் கேட்டேன்.

மேலே பார்த்தான். கண்ணை இறக்கவே இல்லை.

நானாக இருந்தால் எழுதமாட்டேன். ஆனால் எழுதச் சொல்லிவிட்டான், எழுதுகிறேன்: கோழை.

அத்துடன் விடவில்லை. இன்னும் இருக்கிறதா என்றேன், இருக்கிறது என்றான். மறுபடி அரை மணி நேரம் தேடினோம். கடைசியில் கிடைத்தது: உன்னை வரச் சொல்ல வேண்டுமாம். அடுத்த மாதமா? மூடினான். அடுத்த வாரமா? மூடினான். நாளைக்கா? மேலே பார்த்தான். கடிதம் போய்ச் சேரவே நான்கு நாள் ஆகுமடா என்றேன். அது அவனுடைய கவலை இல்லையாம்.

இப்படிக்கு,
எழுதியது உன் தங்கை
சொன்னது உன் மருமகன்